வலியில்லாமல் புத்தூருக்கு

பொதட்டூர்பேட்டையில் ஏறினேன்.
நகரி தாண்டித்தான் உட்கார இடம்.
பக்கத்தில் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டவர்,
பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை.
"புத்தூருக்கா?"
"ஆமா."
"எந்த எலும்பு?"

இந்த பஸ்ஸில் அந்த ஊருக்குப் போகிறவர்கள்
எங்கேயாவது முறிந்தவர்கள்.
"எலும்பு இல்லை."
"வலி?"
"வலியும் இல்லை."
டிக்கெட் எடுக்காமல் ஏறியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் துணி பார்க்கிறவள்.
ஏகாம்பரகுப்பத்தில்
அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜைமேல்
தறியிறங்கிய லுங்கியை இழுத்து இழுத்து
பதினெட்டு வருஷம்.
அறுந்த ஊடை, தப்பிய பாவு, எண்ணெய்ப் பொட்டு.
கைக்கு முடிச்சு தட்டுப்படுவதற்குள்
பத்து கெஜம் ஓடிப்போயிருக்கும்.
வெளிச்சம் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.
துணியில் எனக்கு இது தெரியும்.
உடம்பை மட்டும்
கையை நம்பி விட்டுவைத்திருந்தேன்.

மடிப்பு மேஜை நாகபூஷணமும் அப்படித்தான்.
குளிக்கையில் தட்டுப்பட்டதாம்,
பட்டாணி அளவு.
"நொப்பி லேதே" என்பாள், பதினாலு மாசம்.
வலிக்கலியே என்று எனக்காகத் தமிழிலும் சொல்வாள்.
இரண்டு பாஷையிலும் உண்மைதான்.
வலிக்கவில்லை.
திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில்
பட்டாணி இல்லை அது அப்போது.

முதல் தடவை
அவளுடைய கட்டில்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.
இரண்டாம் தடவைக்குக் கூட்டிப்போக யாருமில்லை.
பயம்கூட ஆறிப்போயிருந்தது.
தேதித்தாளில் நானே போட்ட சுழி,
நகரியில் கரண்ட் நிறுத்துகிற செவ்வாய்க்கிழமை,
தறி ஓடாததால் கூலி போகாத நாள்.
அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்ரவந்தி.
ஜில்லென்ற தட்டில் எடுத்து வைத்தாள்,
எடை போடப்போகிறவள் மாதிரி.
மேலே இன்னொரு தட்டு இறங்கியது,
கஞ்சி போட்ட லுங்கியை அழுத்துகிற மெஷின் கணக்காக.
"கதலகண்டி" என்றாள்.
அசையவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
எதிர்ச்சுவரில் பல்லியை எண்ணினேன்.
ஒன்றுதான் இருந்தது.
ஒன்று என்று முடிப்பதற்குள் தட்டு விலகிவிட்டது.
கேட்டவருக்கு இப்போது சொல்லலாம்,
வலித்தது, ஒரு பல்லி அளவு.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள்.
ஓர் ஓரத்தில் பேனா நுனியை வைத்தாள்.
"போன படம் எங்கே?
பழசு இல்லாமல்
இது புதுசு என்று எப்படிச் சொல்வது?"

போன படம்.
சூரிய கிரகணத்தன்று பையன் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான்.
கண்ணுக்கு ஆகாதுடா என்று திட்டினேனே தவிர
எதன் வழியாகப் பார்க்கிறான் என்று சொல்லவில்லை.
தெருப்பிள்ளைகள் எல்லாரும் மாற்றி மாற்றி
என் மார்பின் வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள்.

ராத்திரி தேடினோம்.
சைக்கிள் பம்ப்புக்குப் பின்னால்,
கரண்ட் பில்களோடு சுருண்டு,
மூலையில் ஒரு பெருவிரல் ரேகையோடு கிடைத்தது.
"இதுவாம்மா?" என்றான்.
பிறகு ஒன்றும் கேட்காமல்
சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தான்.

புதன்கிழமை கரண்ட் வந்தது.
லுங்கியை ஒதுக்கிவிட்டு
என் மேஜைமேல் அதை விரித்தேன்.
புகை. கிளைகிளையாய் வெள்ளை நூல்.
எது பாவு, எது ஊடை,
எங்கே தப்பியிருக்கிறது?
பதினெட்டு வருஷத்துக் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
மேஸ்திரி பார்ப்பதற்குள் சுருட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் புத்தூர்.
எந்த எலும்பு என்று யாராவது கேட்பார்கள்.
மார்பு என்று சொல்லிவிட நினைக்கிறேன்,
வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி.
சொல்வேனோ என்னவோ.
இரண்டு படத்தையும் மடங்காமல்
மடியில் வைத்துக்கொள்வேன்.