ஆதாரம்: நேரில் பார்த்தது

திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
மின்விசிறி நின்றால் மடிக்கணினியும் நின்றுவிடும்.
இந்த மென்பொருளுக்குக் காசில்லை.
யாரோ எங்கேயோ எழுதி
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று
வைத்துவிட்டுப் போனது.
தமிழும் பேசுகிறது, பாதிப் பாதி:
'அடுக்கைச் சேர்' என்று ஒரு வரி,
அடுத்த வரி ஆங்கிலம்.
பெயர்த்தவருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

தாலுகா ஆபீஸ் கொடுத்த பழைய கிராமப் படத்தைச்
செயற்கைக்கோள் படத்தின்மேல் படிய வைக்க வேண்டும்.
சங்கிலி இழுத்து அளந்த படம்.
மடிப்பு விழுந்த இடத்தில் மூன்று சர்வே எண்களைக் காணோம்,
கரையான் பட்டா வாங்கிக்கொண்டது.

முதல்நாள் ஏற்றியதும்
ஊரே முப்பத்தொரு மீட்டர் கிழக்கே நழுவி நின்றது.
பிடாரி கோயில் கோரையாற்றுக்குள்.
பள்ளிவாசல், கொள்முதல் நிலையத்துத் தார்ப்பாய்மேல்.
சுடுகாட்டில் பஸ் ஸ்டாப்.
நான் சிரித்தேன். ஜொஹரா அக்கா சிரிக்கவில்லை.
"அசையாத இடம் நாலு பிடி" என்றார்.

இந்த மண்ணில் அசையாத இடம் நாலு!
ஆறு கரை மாற்றும், கரை ஆள் மாற்றும்,
புயல் வந்த வருஷம் தென்னைகள் மொத்தமாய்ப் படுத்தன.
கடைசியில்
ரயில் பாதைக் கல்வெர்ட்டு,
கோயில் குளத்தின் ஈசான மூலை,
எல்லைக்கல் ஒன்று (அதன்மேல் யாரோ சாணி தட்டியிருந்தார்கள்),
கதவு போன பிறகும் எண்ணோடு நிற்கும் ஒரு மதகுத் தூண்.
நாலிலும் புள்ளி குத்தியதும்
ஊர் மெதுவாக நகர்ந்து வந்து
தன் இடத்தில் உட்கார்ந்தது.

பிறகு நிறம் கொடுத்தோம்.
ஆற்றுக்குத் தடித்த நீலம், வாய்க்காலுக்கு மெல்லிய நீலம்,
வடிகாலுக்குப் புள்ளிக்கோடு.
ஆவணி வரைக்கும் ஆடு மேயும் வாய்க்காலுக்கு
மென்பொருளில் நிறம் இல்லை.
நானே கலந்தேன்:
பழுப்பு, அதில் ஒரு சொட்டு நீலம்.

லஸ்கர் பக்கிரிசாமியின் சட்டைப் பையில்
போனைப் போட்டு அனுப்பினோம்.
சைக்கிள் போன வழியெல்லாம் கோடாக வந்தது.
ஓரிடத்தில் மட்டும் ஈ மொய்த்ததுபோல் புள்ளிகள்.
டீக்கடை. இருபத்திரண்டு நிமிஷம்.
"அதையும் படத்துல போட்டுட்டீங்களா" என்று பதறினார்.
அழித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி
குருவாடி வடிகாலை வரைந்துகொண்டு வந்தேன்.
பழைய படத்தில் அது தெளிவாக இருந்தது,
முள்ளியாற்றுக்குப் போய்ச் சேரும் ஒன்பது முழ அகலம்.
செயற்கைக்கோளில் பெட்ரோல் பங்க் வரை வந்து
காணாமல் போனது.
அப்புறம் ஒரு கல்யாண மண்டபம்,
பதினாறு மனைகள் போட்ட ஒரு நகர்.
ஏழாவது மனையில்
மொட்டைமாடியில் நீலத் தொட்டி,
துணிக்கொடியில் என் பச்சைச் சுடிதார்.

இன்னும் பதினோரு வருஷத் தவணை பாக்கி.

சுட்டியை நகர்த்தினேன்.
ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும்,
வடிகால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.
அல்லது மொத்தமாக நீக்கலாம்.
ஆனால் இந்தப் பொதுப் படத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்,
வரைந்தவர் பெயரோடு
அழித்தவர் பெயரையும், மணி நிமிஷத்தோடு,
யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும்.
டீக்கடையை அழித்தது என் கணினியில்.
இது அப்படியில்லை.

அதனால் மட்டும்தானா என்று கேட்டால்
தெரியாது.
அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
கோட்டை எங்கள் சமையலறை வழியாகவே
இழுத்து முடித்தேன்.

பதிவேற்றும் முன் ஒரு கட்டம் கேட்டது:
ஆதாரம்?
வெகுநேரம் கழித்துத் தட்டினேன்:
நேரில் பார்த்தது.
புரெவி மழை, மூன்று நாள்.
அடுப்புமேடைச் சுவரில் கறை,
தரையிலிருந்து எழுபத்து நாலு சென்டிமீட்டர்.
அளந்தவர்: வீட்டுக்காரர் மகள்.