மூன்று டப்பா பெயின்ட்

பச்சை: யாரும் போகலாம்.
மஞ்சள்: கொஞ்சம் மூச்சு வாங்கும்.
சிவப்பு: தொடையில் தெம்பிருந்தால் மட்டும்.
அழகான இடம் வந்தால் ஒரு நட்சத்திரம்.
இப்படிச் சொல்லி
ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு
மூன்று டப்பாவும் ஒரு பிரஷ்ஷும் கொடுத்துவிட்டுப் போனது.
தொரப்பாடியில் பங்க்சர் ஒட்டுகிறவளுக்கு
எந்த வழியில் எத்தனை முள் என்று தெரியுமாம்.
தெரியும்தான்.
வேலிகாத்தான் முள் ஒவ்வொன்றுக்கும்
நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறேன்.

ஓட்டேரி ஏரிக்கரையில் ஆரம்பித்தேன்.
மேடு இல்லை, பள்ளம் இல்லை.
ஒரு புறம் ஏரி,
தண்ணீர் வந்த வருஷம் நீலம், வராத வருஷம் கிரிக்கெட்.
மறுபுறம் வெயிலில் வெந்து நிற்கும் பாறை மலை.
கல்லில் பச்சை அம்பு போட்டு நிமிர்ந்தால்
ஜரீனா.
நாற்பத்தோரு வயது,
சைக்கிள் பழகிப் பதினெட்டு நாள்.
"இது ஈசிதானே அக்கா?"
ஒரு காலைத் தரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.
எதிரே எருமை வந்தது,
ஒன்றல்ல, பதினொன்று.
கரையின் அகலம்
எருமைக்கும் அவளுக்கும் சேர்த்துப் போதாது.
அவள் ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியைப் பார்த்து
எருமைகளே ஒதுங்கின.
பச்சைக்குப் பக்கத்தில்
சிவப்பில் ஒரு சொட்டு வைத்தேன்.
'காலை ஏழு முதல் எட்டு வரை' என்று எழுத
கல்லில் இடமில்லை.

டில்லிபாபுவின் வண்டிக்கு மூன்று சக்கரம்,
பெடல் கையில்.
கால் என்னாச்சு என்று கேட்பவர்களிடம்
"பஸ் ஏறிப் போச்சு" என்பான்.
எந்த ஊருக்கு என்று கேட்டால்தான் சிரிப்பான்.
பாலாற்றங்கரை வழியை
மஞ்சள் என்று நினைத்திருந்தேன்.
பாலம் தாண்டி நூறு கஜத்தில் மணல்.
சக்கரம் அச்சுவரை இறங்கியது.
"இன்னாக்கா, ஆத்துல தண்ணி இருந்தா
நீந்திகினாவது போயிருப்பேன்."
மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம்.

அதே டில்லிபாபு
அமிர்தி ரோட்டில், நாகநதி தாண்டிய ஏற்றத்தில்
கியர் வண்டிப் பையன் ஹேமநாதன் இறங்கித் தள்ளும்போது
பக்கத்திலேயே நிதானமாகப் போனான்,
சேந்துகிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி
கை மேலே, கை கீழே.
"வரியா, பின்னாடி இடம் கீது."
அங்கே சிவப்பு டப்பாவைத் திறந்தேன்,
மூடினேன்,
திறந்தேன்.

நட்சத்திரம் போட
குணபூஷணம் சாரைக் கேட்டேன்.
இரட்டைச் சைக்கிளில் பின்சீட்டுக்காரர்,
பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை.
மலை, பள்ளத்தாக்கு, மேகம் என்று
நாங்கள் சொன்னதற்கெல்லாம் மரியாதையாக
"சரி" என்றார்.
பிறகு ஒரு வளைவில்,
நாலு புளியமரம் தவிர ஒன்றுமில்லாத இடத்தில்
"நிறுத்து" என்றார்.
"இங்க காத்து மாறுது.
வேலூர் முடிஞ்சுபோச்சு."
முகத்தைத் தூக்கிக் காட்டி நின்றேன்.
நிஜம்தான்.
அடுப்படியிலிருந்து கொல்லைப்பக்கம் வந்தது போல.
நட்சத்திரம் அங்கே போட்டேன்.
போட்டோ எடுக்க வருகிறவர்கள்
இன்றுவரை என்னைத் திட்டுகிறார்கள்.

கணியம்பாடிப் பக்கம்
பாதை பிரிகிற இடத்தில் ஒரு கல், இடுப்பளவு.
யாருக்கு எது என்று முடிவு செய்ய முடியாமல்
மிச்சமிருந்த மூன்றையும்
அதிலேயே பூசிவிட்டு வந்தேன்.
அடுத்த ஞாயிறு போனால்
கல்லுக்குக் குங்குமம்,
ஒரு எலுமிச்சம்பழம்,
அரைமுழம் கதம்பம்.
குழுத் தலைவருக்குக் கோபம்.
எனக்கென்னவோ பரவாயில்லை.
கியர் வண்டி, மூன்று சக்கரம், இரட்டைச் சைக்கிள்
எல்லாம் அங்கே வேகம் குறைந்து
நின்று தண்ணீர் குடிக்கின்றன.

ஜரீனா மட்டும் நிற்பதில்லை.
இப்போதுதான் பேலன்ஸ் வந்திருக்கிறது,
நின்றால் போய்விடுமாம்.
போகிற போக்கில்
எங்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள்.
ஹேண்டில்பாரிலிருந்து
எடுத்து.