நவம்பர் வரிசை

அயனாவரம் வங்கிக் கிளை.
மூலையில் குடைகள் ஒழுகுகின்றன.
எனக்கு முன்னால் எபிநேசர்,
தான் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்க.

எண்ணி வைத்திருக்கிறேன், படங்களில் முப்பத்தேழு முறை செத்திருக்கிறார்.
மகள் கல்யாணத்துக்கு முதல்நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு,
வில்லனின் லாரியில்,
விஷம் கலந்த மோரில்,
பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே.
இரண்டு படங்களில் ஆரம்பத்திலேயே மாலை போட்ட போட்டோ.
போட்டோவுக்கு அரைநாள் பேட்டா.

ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் வெல்டிங்.
சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் மேடையில் அவர் நடிப்பார்,
நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பேன்.
ஒரே இரவில் ஜமீன்தார், கடன்காரர், அப்புறம் மாமியார்.
விசாலம் அன்று வரவில்லை.
மீசையை எடுக்க நேரமில்லாமல்
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார்.
கைதட்டல் மாமியாருக்குத்தான்.

பிறகு இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வடபழனி.
கான்ஸ்டபிளாக நுழைந்தவர்
ஏட்டு, இன்ஸ்பெக்டர், கமிஷனர்,
ஒரு தீபாவளிப் படத்தில் நீதிபதி.
தொழிற்சாலையில் கிரேடு இரண்டோடு ரிட்டையர்.
குருக்களாக ஒன்பது படம்.
பாதிரியார் வேஷம் மட்டும் கடைசிவரை தரவில்லை,
உங்களுக்கு அந்தக் களை இல்லை சார் என்றார்களாம்.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சொன்னார்.

பஸ்ஸில், "நீங்க அந்தப் படத்துல..." என்று ஆரம்பிப்பார்கள்.
பெயர் வராது. இவரே எடுத்துக் கொடுப்பார்.
"அது இல்ல, வேற" என்று இறங்கிப் போவார்கள்.

விரல் ரேகை மெஷினில் விழவில்லை. வெல்டிங் கை.
கவுண்டர்ப் பெண் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.
"ஆடாதீங்க சார். கண்ணைச் சிமிட்டுங்க."
முதல் பாதிதான் காதில் விழுந்தது.
ட்யூப்லைட் பக்கம் கொஞ்சம் திரும்பி,
தாடையைத் தூக்கி,
மூச்சையும் நிறுத்திவிட்டார்.
ஈ உட்கார்ந்தாலும் மூடாத கண்கள் அவை,
ஒருமுறை உட்கார்ந்தே இருக்கிறது.

மெஷின் சுற்றிச் சுற்றி நின்றது.
மீண்டும் முயலவும்.
வரிசை முனகியது.
யாரோ, "பெருசு, உயிரோடதான இருக்க?"

பதினெட்டு வருடம் கழித்து,
படுதா இல்லாமல்,
அதே அடிக்குரலில்
அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
"எபி, கண்ணு."

சிமிட்டினார்.
பச்சை டிக்.

"அடுத்து" என்றாள்.
அடுத்தது நான்.
எபி குடையை எடுக்கப் போகவில்லை.