ஓடை நீங்கலாக

பத்திரத்தில் மூன்றாம் பக்கம்
சக்குபந்தி சொல்லி முடிகிற இடத்தில்
இரண்டே சொல்:
ஓடை நீங்கலாக.

நாகலூர் சாலையில் வளைவு தாண்டி இறங்கினால்
என் காப்பித் தோட்டம்.
பதினொரு ஏக்கர். சில்வர் ஓக் நிழல்,
ஓக்கைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகு.
நடுவே அது போகிறது.
வரைபடத்தில் அதற்குத் தனி எண்.
அளக்க வந்தபோது சங்கிலி பிடித்த பையன்
ஒரு பாறையில் கால் வைத்துத் தாண்டினான்.
"இந்த நாலடிக்கு மட்டும் நீங்க விருந்தாளி சார்."
சிரித்தேன். வாங்கிய புதிது.

விருந்தாளி செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வருஷமே தண்ணீர் விளிம்பு வரை செடி வைத்தேன்.
பெரணியைச் சீவி எறிந்தார்கள்.
கரையில் நின்ற நாவல் இரண்டும்
விறகாகிப் போயின.
தை பிறக்கும் முன்பே பழம் வந்து குவிந்தது.
பல்பர் கழுவிய தண்ணீரை
குழாய் போட்டு ஓடையில் விட்டேன்.
எல்லாரும் விட்டார்கள்.
"புளிச்ச வாடை ரெண்டு வாரம் இருக்கும்,
அப்புறம் மழை கழுவிடும்" என்றார் மேஸ்திரி துரைக்கண்ணு.
தையில் எந்த மழை என்று
நானும் கேட்கவில்லை.

கீழ் ஊரிலிருந்து சடைச்சி வந்தாள்.
வைவாள் என்று நின்றேன்.
ஜீப் பானெட்டில் ஒரு சோடா பாட்டிலை வைத்தாள்.
உள்ளே டீ நிறம். மேலே நுரை.
"மாடு குடிக்கல."
அவ்வளவுதான் பேச்சு.

பாட்டிலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை,
சீட்டுக்குப் பக்கத்தில் செருகிவைத்தேன்.
இரண்டாம் நாள் சேலம் இறங்கும்போது
பதினேழாவது கொண்டை ஊசியில்
மூடி தானாகத் தெறித்தது.
சட்டை முழுக்க
என் தோட்டம்.

குழி வெட்டினோம். மூன்று குழி,
ஒன்று நிரம்பி ஒன்றில் வழிகிற மாதிரி.
இரு கரையிலும் பத்தடி விட்டு
செடிகளைப் பிடுங்கச் சொன்னேன்.
மைத்துனன் குலசேகரன்,
செவ்வாய்பேட்டையில் மண்டி வைத்திருப்பவன்,
கூடவே எண்ணிக்கொண்டு வந்தான்.
நூற்று அறுபத்திரண்டு. எல்லாம் காய்க்கிற செடி.
"நமக்கு எழுதித் தராத ஓடைக்கு
எழுதித் தந்த மண்ணைக் குடுக்கணுமா?"
கணக்கில் அவன் தப்பியதே இல்லை.
நான் பதில் சொல்லவில்லை, இருந்தால்தானே சொல்ல.

அதோடு நல்லவனாகிவிட்டேன் என்று
எண்ணிவிட வேண்டாம்.
அடுத்த பங்குனியில் விடுதிகளில் தண்ணீர் இல்லை.
டேங்கர்க்காரன் லோடுக்கு எழுநூறு என்றான்.
ராத்திரியில் மோட்டார் ஓடியது. பதினொரு லோடு.
பன்னிரண்டாவதுக்கு
குழாய் காற்றை உறிஞ்சிக் கத்தியது.
அதன் வாயில் ஒரு நண்டு சிக்கியிருந்ததை
டிரைவர் டார்ச் அடித்துக் காட்டினான்.
ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்.
எதற்குச் செலவானது என்று
இப்போது ஞாபகமில்லை.
நண்டுக்கு ஒரு கால் இல்லை, அது இருக்கிறது.

மேல் தோட்டம் போன மாதம் கைமாறியது.
புது ஆளுக்கு ஓசூரில் கம்பெனி.
ஓடையைக் கொஞ்சம் நிறுத்தி
மீன் விடலாம், பக்கத்தில் நாலு காட்டேஜ் போடலாம் என்கிறார்.
உங்கள் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன்.
காட்டினார். நான்காம் பக்கம்.
அதே இரண்டு சொல்.
"அது டைப் அடிக்கிறவங்க வழக்கமாப் போடறது சார்."
நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.
பாட்டில் கதையைச் சொன்னேன்.
டேங்கர் கதையையும், கொஞ்சம் தயங்கி.
டீ வந்தது. குடித்தோம்.
யோசிக்கிறேன் என்றார்.
பொக்லைன் இன்னும் அவர் வாசலில்தான் நிற்கிறது.

பத்தடியில் நான் எதுவும் நடவில்லை.
பெரணி அதுபாட்டுக்கு வந்திருக்கிறது,
அட்டையும்.
அந்தப் பையன் மிதித்த பாறையில் நின்றால்
கணுக்கால் வரை குளிர்கிறது.

கீழே சடைச்சியின் மாடு
இப்போது குடிக்கிறதா தெரியாது.
போய்க் கேட்கலாம், அரை மணி நடைதான்.
கூச்சமாயிருக்கிறது.