நியூட்ரல்

சித்திரையில் செல்லூர்ச் சந்துகளில்
ரீடிங் எடுக்கப் போனவனுக்கு ஷூ சேரவில்லை.
ஒரு நம்பர் கூட்டி வாங்கிக்கொண்டேன்.
நான் பார்த்துக்கொண்ட முதல் வைத்தியம் அதுதான்.

காலையில் முகத்தில் இருக்கும் வீக்கம்
சாயங்காலம் கணுக்காலுக்கு இறங்கிவிடும்.
கழிவறையில் நுரை, பீர் ஊற்றினாற்போல.
சோப்புத்தூளைக் கழுவாமல் விட்டாயா என்று
ஜெனோவாவை இரண்டு முறை ஏசியிருக்கிறேன்.

முதுகுவலி பழசு. டூவீலர், தோள்பை, மாடிப்படி.
முக்குக்கடை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே தருவான்,
ஆரஞ்சு நிற மாத்திரை. ஆறு வருஷம் தின்றேன்.
இது வேறு வலி.
இடது விலாவுக்குக் கீழே
உள்ளேயிருந்து யாரோ முட்டி கொடுத்து அழுத்துகிற வலி.
அன்றைக்குச் சிறுநீர் கட்டஞ்சாயா நிறம்.
இடது விதைமேல் நரம்பு புடைத்துப்
புழுக்குவியலாய்க் கிடந்ததை
ஜெனோவாவிடம்கூடச் சொல்லவில்லை,
பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பரிமளகாந்தி
போர்வையை விலக்கச் சொல்லும்வரை.

ஒரு நாள் மூத்திரம் முழுவதையும்
ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் கொடுத்தேன்.
"ஒன்பது கிராம் புரதம் போகுது, இன்னாசிமுத்து."
நான் கணக்கீட்டாளன்,
லைன் லாஸ் என்றால் எனக்குப் புரியும்.
புரதத்தோடு சேர்ந்து
ரத்தத்தை உறையாமல் காக்கிற சரக்கும்
ஒழுகிப் போய்விடுமாம்.
காவல் போன ரத்தம்
குழாய்க்குள்ளேயே கட்டிக்கொள்ளுமாம்.

டாப்ளர் அறை. வயிற்றில் குளிர்ந்த பசை.
டெக்னீஷியன் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்:
சிவப்பு உள்ளே போகணும், நீலம் திரும்பணும்.
வலது பக்கம் இரண்டும் இருந்தன.
இடது பக்கம் சிவப்பு மட்டும்,
அதுவும் உதறி உதறி.
அப்புறம் சி.டி. ஊசியில் சாயம் ஏறியதும்
உடம்பெல்லாம் சூடு பரவி,
உடுப்பிலேயே போய்விட்டேனோ என்று ஒரு கணம் கூச்சம்.
படத்தில், சிரைக்குள்,
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு.

நியூட்ரல் அறுந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன்.
பல்பு முதலில் பளிச்சென்றுதான் எரியும்.
வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துச் சிரிப்பதற்குள்
ஃபேன், டிவி, மிக்ஸி
ஒவ்வொன்றாய்க் கருகும் வாசனை.
கரண்ட் வருவதில் குறையே இருக்காது.
திரும்புகிற வழி இருக்காது.
பதிமூன்று சென்டிமீட்டருக்கு வீங்கிக் கிடந்தது
என் இடது சிறுநீரகம்.

"அந்த மாத்திரையாலயா டாக்டர்?"
"இருக்கலாம். தானாவும் வரும்.
சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.
இப்ப குத்தினா ரத்தம் நிக்காது. பொறுங்க.
அந்த மாத்திரையை மட்டும் இனித் தொடாதீங்க."

தொப்புளைச் சுற்றி ஊசி, காலையும் இரவும்.
ஏழாம் நாள் வயிறு முழுக்க
நாவல்பழக் கறை.
"கரைஞ்சிடுமா?" என்றாள் ஜெனோவா.
"இது கரைக்கிற மருந்து இல்லம்மா.
வளரவிடாது. பிய்ஞ்சு நுரையீரலுக்கு ஓடவிடாது.
கரைக்கிறது அவர் உடம்பு."
அன்று இரவு அவள் என் இடுப்பின்மேல்
கை வைத்துக்கொண்டு தூங்கினாள்,
ஏதோ கரைவது கையில் தெரியும் என்பதுபோல.

ஊசி போய் மாத்திரை வந்தது.
இப்போது என்னை ரீடிங் எடுக்கிறார்கள்.
வாரம் ஒரு முறை, ஒரு குழாய் ரத்தம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கணும்.
குறைந்தால் கட்டும், கூடினால் கசியும்.
கீரையை விட வேண்டாம், அளவை மாற்றவும் வேண்டாம் என்றார்கள்.
மலிவாகக் கிடைக்கிறதென்று
ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை.
திங்கட்கிழமை ஒன்று புள்ளி ஆறு.
"நல்லாப் பாரும்மா" என்றேன் லேப் பெண்ணிடம்.
செல்லூரே என்னிடம் சொல்கிற வாக்கியம்.
நான் சொல்கிற பதிலையே அவளும் சொன்னாள்:
"மெஷின் காட்டுறதைத்தான் சார் எழுத முடியும்."

ஆடியில் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.
பழைய ஷூ இன்னும் சேரவில்லை.
காலையில் கழிவறையில் நின்று
நுரை அடங்கும்வரை எண்ணுகிறேன்.
போன வாரம் எண்பது.
இன்று ஐம்பத்திரண்டு.
வெளியிலிருந்து கதவைத் தட்டி
எத்தனை என்று கேட்கிறாள் ஜெனோவா.