ஒன்பதே முக்கால் லட்சம்

கொழுந்து மடுவத்தில் பதினொரு வருடமாகத்
தராசு பிடிக்கிறவன் நான்.
சாக்குக்கு இரண்டு, மழைநாளில் ஈரத்துக்கு மூன்று,
அதற்குப் பிறகும் கிராம் ஒட்டிக்கொண்டிருந்தால்
அதுவும் தோட்டத்துக்கு.
பதினெட்டுக் கிலோ நானூறு
என் பேனாவில் பதினெட்டாகும்.
அதனால் ஒன்று தெரியும்:
பூச்சியத்தில் முடிகிற எண்ணில்
யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அறுபத்து நான்காம் ஆண்டு ஒப்பந்தத்தில்
நாங்கள் 9,75,000 பேர்.

நோர்வூட்டில் கரண்ட் போன ராத்திரி
கொழுந்துச் சிட்டையின் பின்பக்கம்
அதைப் பிரித்துப் பார்த்தேன்.
மூன்று இரண்டுகள், ஒரு மூன்று,
ஐந்து ஐந்துகள்,
அடியில் ஒரு பதின்மூன்று.
மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் தொண்ணூற்றாறு.
இவ்வளவு பணிவான எண்ணை நான் கண்டதில்லை.
எப்படி வெட்டினாலும்
சத்தமில்லாமல் விழுகிறது.

டில்லியும் கொழும்பும் பதின்மூன்றாக வெட்டின.
ஏழு பங்கு அக்கரைக்கு,
நான்கு பங்கு இங்கே,
இரண்டு பங்கு பிறகு பார்க்கலாம்.
பிறகு பார்த்தபோது
ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன.
ஒரு பங்கென்றால் எழுபத்தையாயிரம் பேர்.

அப்போது எங்கள் காம்பிராவில் பதினொரு பேர்.
அதே கணக்கைப் போட்டேன்.
போகவேண்டியவர்கள் ஐந்து பேர்,
ஆறாவது ஆளில்
பதின்மூன்றில் பன்னிரண்டு.
அரைப்பேர் தெரியும்,
கிலோ குறைந்த நாளில் நானே போட்டிருக்கிறேன்.
பதின்மூன்றில் பன்னிரண்டு பேர் போட
செக்ரோலில் கட்டமில்லை.
ஆறாவது ஆள் ஒச்சாயி அத்தை.
முழுசாகத்தான் ஹட்டனில் ரயிலேறினாளாம்.
மண்டபம் முகாமில்
யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

கையெழுத்தான அன்று
மேல் லயத்துச் சிவனம்மாவுக்குப் பிரசவம்.
பெண்.
மூன்று கிலோ இருந்திருக்கும், ஈரம் கழிக்காமல்.
ஒன்றைக் கூட்டினேன்.

9,75,001.

இரண்டால் போகவில்லை.
மூன்றால், ஐந்தால் போகவில்லை.
பதின்மூன்று வாசலிலேயே நின்றுவிட்டது.
தொண்ணூற்றாறு கத்தியும் மழுங்கின,
ஒன்றைத் தவிர.
அந்த ஒன்று, ஒன்றேதான்.
பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு எண்களுக்கு
அதைவிட்டால் பொதுக்காரணி கிடையாதென்று
பத்தாம் வகுப்பில் படித்தது.
அப்போது பரீட்சைக்கு மட்டும் நம்பினேன்.

விடியற்காலை மூன்று மணிக்குப்
பதினேழு அதை வகுத்தது.
57,353. மீதியில்லை.
கொஞ்ச நேரம் பயமாக இருந்தது.
பதினேழு எந்த மேசைக்கும் வரவில்லையே
என்று சொல்லிக்கொண்டு
மெழுகுவர்த்தியை ஊதினேன்.

காலையில் முதல் சாக்கு புவனேஸ்வரியுடையது.
18.400 என்று எழுதினேன்.
கணக்கப்பிள்ளை ஏட்டைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதென்னப்பா புள்ளி, கொசு செத்துக் கிடக்கா?"
நகத்தால் சுரண்டினார்.
போகவில்லை.