சத்தம் பதினாலு

பாளையங்கோட்டையில் அந்தப் பெண், ஜெசிந்தா,
என் இரண்டு காதிலும் மாட்டிவிட்டுச் சொன்னாள்:
"வீட்டுக்குப் போய் டிவி பாருங்க.
முதல்ல செய்தி. அரைமணி நேரம் போதும்.
சத்தத்தை வேற யாராவது வைக்கணும்,
நீங்க ரிமோட்டைத் தொடக்கூடாது.
காதுகிட்ட கையைக் கொண்டுபோனா விசிலடிக்கும்,
பயப்படாதீங்க."

ஆவுடை பதினாலில் வைத்தாள்.
நேற்று வரை நாற்பத்தெட்டு.
மூன்றாவது வீட்டுக்காரர் எங்கள் டிவியில்தான்
செய்தி கேட்டுக்கொண்டிருந்தாராம்.
இனி அவர் தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

பதினாலில் முதலில் வந்தது செய்தி அல்ல,
மின்விசிறி.
பிறகு நான் மிக்சர் மெல்லுவது,
தலைக்குள் யாரோ ஜல்லி கொட்டுவதுபோல.
பிறகு மருந்துக்கடைப் பை.
ஒரு பைக்கு ஏன் இவ்வளவு கோபம்?

செய்தி வாசிக்கிறவளுக்குத்
தகரத்தில் செய்த தொண்டை.
மீன்பிடிக் கடை அமலுக்கு வந்தது என்றாள்.
நல்லதுதானே, பிறகு ஏன்
படகெல்லாம் கரையில் சும்மா கிடக்கிறது?
கீழே ஓடிய எழுத்தில் பார்த்தேன்:
தடை.

இருபத்தாறு வருஷம் சங்கரன்கோவிலில்
பன்னிரண்டு தறி ஓடும் கூடத்தில் நின்றவன் நான்.
அங்கே வாயைப் பார்த்துத்தான் பேசுவோம்.
கூலி எவ்வளவு, யார் செத்தது, எங்கே பந்தி
எல்லாம் உதட்டில்.
ஆவுடை அங்கே தார் சுற்றியவள்.
எங்கள் கல்யாணப் பேச்சே சத்தமில்லாமல்தான் முடிந்தது.
தறி முதலில் 'ச'வைத் தின்றது,
பிறகு 'த', பிறகு 'க',
கடைசியில் என் பேரில் பாதியை.

ஐந்தாம் நாள் சீரியலுக்கு வந்தேன்.
வடக்கத்திச் சீரியல், தமிழ் பேச வைத்தது.
உதடு ஒரு பக்கம் போகும், சொல் ஒரு பக்கம்.
இரண்டு வருஷமாக எனக்கென்று
ஒரு கதை கட்டிப் பார்த்துவந்தேன்:
மூக்குத்திப் பெரியவள் கொடுமைக்காரி,
சின்னவள் வாயில்லாப் பூச்சி.
இப்போது கேட்டால்
பெரியவள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்,
வாயில்லாப் பூச்சி
நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேள்வி கேட்கிறது.
ஊடை மாறி ஓடிய துணி.
முதலிலிருந்து பிரிக்க வேண்டும்.

கண்ணை மூடியும் கேட்டுப் பழகச் சொல்லியிருந்தாள் ஜெசிந்தா.
மூடினேன்.
தகரமில்லாத ஒரு குரல் வந்தது,
பின்னாலிருந்து.

"ஏட்டி, அவனை நம்பாத.
சவத்து மூதி, பத்திரத்துல கையெழுத்துப் போட்டுறாத."

ஆவுடைதான்.
அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு
டிவிக்காரிக்கு யோசனை சொல்லுகிறாள்.
அப்புறம் அவளிடமே, சர்வசாதாரணமாக:
"ரசம் போதுமா, தொவையலும் அரைக்கவா?
இந்த மனுசனுக்கு என்ன,
எதைப் போட்டாலும் திங்கும்."

கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே
மூச்சு வாங்குகிற இடம்கூட இல்லை.
பதிலுக்கு இடம் விட்டு எத்தனை வருஷமோ.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.
சிகிச்சை என்று சொல்லிக்
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.
கேட்டதில் பாதியை எழுத முடியாது.
என் அக்காளைப் பற்றியும் இருந்தது,
அத்தனையும் உண்மை.

மூன்றாம் நாள், விளம்பரத்தின்போது,
சோப்பு விற்கிறவளிடம் கேட்டாள்:
"கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளு என்னைக்கி?"

"பதினெட்டு" என்றேன்.

வெங்காயம் ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போனது.
உருளும் சத்தம் கேட்டது.

ஆவுடை எதிரே வந்து நின்றாள்.
கத்தி கையில் இருந்தது.
குரலை எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள்,
தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி:
எத்தன நாளா?

தெளிவாகத் தெரிந்தது.
"என்னது, கேக்கலையே" என்று
காதில் கையைக் குவித்தேன்.

விசிலடித்தது.